தெற்கே போன பெட்டி

ஸ்ரீலக்ஷ்மிக்கு ஐம்பத்தொரு வயது. வீடு மந்தைவெளியில். வேலை ஈக்காட்டுத்தாங்கலில், பம்புக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு பட்டறையில் கணக்கெழுதுவது. இரண்டுக்கும் நடுவே பஸ்ஸில் நின்றுகொண்டே கழிந்த வருஷங்களைப் பற்றி யாரும் அவளிடம் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. சொந்தபந்தத்தில் எவராவது ஊருக்குக் கிளம்பினால் மட்டும் அவள் நினைவு எல்லோருக்கும் தவறாமல் வந்துவிடும்.

காசிக்குப் போகிறார்களா, மைசூருக்குப் போகிறார்களா, கல்யாணத்துக்குப் பஸ் பிடித்துக் கும்பகோணம் போகிறார்களா, "பயணக் கணக்கை ஸ்ரீகிட்ட கொடுத்துடு, அவ கச்சிதமாப் போட்டுடுவா" என்பார்கள். அவளும் போட்டுத் தருவாள். எந்த ரயில், எந்த அறை, யாருக்குக் கீழ்ப் படுக்கை, யாருக்குச் சர்க்கரை இல்லாத காப்பி என்பது வரை அதில் இருக்கும். கூடவே கிளம்ப வேண்டியதாகிவிட்டால் தொலைந்தாள். பணப்பை அவள் கையில், மருந்துப் பை அவள் தோளில், புளிசாதத் தூக்கு அவள் மடியில். காசியில் என்ன பார்த்தாய் என்று மகள் ஒருமுறை கேட்டபோது, சத்திரத்துச் சமையலறை நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஆசை என்று ஒன்று இருந்தது. கல்லூரி நாட்களில் 'மூணாவது மணி' என்று ஒரு இசைக்குழு இருந்தது. நான்கு பையன்கள், இரண்டு கிடார், ஒரு டிரம்ஸ், தமிழில் தாங்களே எழுதிய பாட்டு. பாடுகிறவன் பெயர் நதீம். எந்தக் கல்லூரி விழாவில் அவர்கள் வாசித்தாலும் ஸ்ரீலக்ஷ்மியும் அவள் தோழிகள் ஹம்சாவும் நிஷாவும் முன்வரிசையில் தொண்டை வற்றக் கத்திக்கொண்டு நிற்பார்கள். பிறகு குழு கலைந்தது. இவர்களுக்கும் கல்யாணம், வேலை, குழந்தை என்று ஆளுக்கொரு திசையானது. ஆனாலும் ஹம்சா ராஜா அண்ணாமலைபுரத்திலும் நிஷா அடையாறிலும் இருந்ததால் மாதம் ஒரு தடவை சரவணபவன் மாதிரி ஏதாவது ஓர் ஓட்டலில் காப்பிக்காவது உட்காருவார்கள்.

இந்த வருஷம் அந்த நால்வரும் மறுபடி சேர்ந்து ஊர் ஊராக வாசிக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. புதுச்சேரியில் தொடங்கி திருச்சி, மதுரை, கோயம்புத்தூர், கடைசியில் சேலம். சென்னை இல்லை. சென்னையில் மண்டபம் கட்டுப்படியாகவில்லை போலிருக்கிறது.

"சென்னை இல்லேன்னா என்ன? பின்னாடியே போயிடலாம்டி. என் கார் இருக்கு, நான் ஓட்டறேன்" என்றாள் நிஷா. "அஞ்சு ஊரும்!" என்று ஹம்சா கையைத் தட்டினாள். அடுத்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஸ்ரீலக்ஷ்மியைத் திரும்பிப் பார்த்தார்கள். "நீ கணக்குப் போட்டுடு."

போட்டாள். பெட்ரோல், சுங்கச்சாவடி, மூன்று பேருக்கு ஓர் அறை, சாப்பாடு. ஐந்து ஊர்க் கச்சேரிக்கும் டிக்கெட்டை முதலிலேயே வாங்கிவிட்டாள். ஹம்சாவுக்கு முட்டிவலி, மாடி ஏற மாட்டாள், ஆகையால் லிப்ட் உள்ள லாட்ஜாகப் பார்க்க வேண்டும். நிஷாவுக்கு ஏசி இல்லாமல் தூக்கம் வராது. இரண்டையும் சேர்த்தால் தொகை எகிறியது. அதைக் கீழே இறக்க மத்தியானச் சாப்பாட்டை வெட்டினாள், வெட்டிய இடத்தில் வீட்டிலிருந்து புளிக்காச்சலும் பருப்புப்பொடியும் எடுத்துப்போவது என்று போட்டாள். புளிக்காச்சலைக் கிளறப்போவது யார் என்று கணக்கில் போடவில்லை. அது போட வேண்டிய சங்கதி என்று மூன்று பேருக்குமே தோன்றவில்லை.

ராத்திரிப் பாத்திரம் கழுவின ஈரக்கையோடு போனில் அந்தக் கணக்குப் பட்டியலின் கட்டங்களை அவள் நிரப்புவாள். ஹம்சாவிடமிருந்து "கோயம்புத்தூர்ல ஒரு நாள் கூட இருக்கலாமா?" என்று செய்தி வரும். மறுபடி முதலிலிருந்து. ஒரு வாரம் இப்படிப் போனதில் ஸ்ரீலக்ஷ்மி பயணமே போய்விட்டு வந்த மாதிரி களைத்துப்போனாள். எதற்கடா ஒத்துக்கொண்டோம் என்று இருந்தது. ஆனாலும் பஸ்ஸில் காதில் ஒயரை மாட்டி அந்தப் பழைய பாட்டு ஒன்றைக் கேட்கும்போது, கிண்டி வருவதற்குள் மனசு மாறிவிடும்.

வீட்டில் அவள் கணவர் ஜெயராம். பாங்கியில் இருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. நல்ல மனிதர், குரல் உயர்த்திப் பேசத் தெரியாது. வெந்நீர் வைக்கவும் தெரியாது. மனைவி தோழிகளோடு ஊருக்குப் போவதில் அவருக்கு ஆட்சேபமில்லை. "தாராளமாப் போயிட்டு வா. நான் பாத்துக்கறேன்" என்றார். என்ன பார்த்துக்கொள்வார் என்று அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஆகவே திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பட்டறையிலிருந்து வந்ததும் வராததுமாக அவள் அடுப்படியில் நின்றாள். வத்தக்குழம்பு, தக்காளித் தொக்கு, தோசை மாவு, வறுத்த ரவை. அது வீட்டுக்கு. அப்புறம் புளிக்காச்சல், பருப்புப்பொடி, தட்டை. அது வழிக்கு. இடுப்பு விட்டுப்போயிற்று.

ஆட்சேபம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. செவ்வாய்க்கிழமை காலை தினசரிக் காலண்டரில் தாளைக் கிழித்த ஜெயராம் அப்படியே நின்றுவிட்டார்.

"நீங்க கிளம்பறது வியாழக்கிழமைன்னா?"

"ஆமாம்."

"பாண்டிச்சேரி தெற்கேன்னா இருக்கு? வியாழக்கிழமை தெற்கே சூலம். போகப்படாது."

"கச்சேரி வியாழக்கிழமைதான். அவாகிட்ட மாத்தி வைக்கச் சொல்லட்டுமா?"

ஜெயராம் கேலியைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. இந்த மாதிரி விஷயத்தில் அவருக்கு விடை தெரியாமல் போனதே கிடையாது. "பரஸ்தானம் பண்ணிடலாம்" என்றார். பரஸ்தானம் என்றால் வேறொன்றுமில்லை. கிளம்புகிற நாள் சரியில்லாவிட்டால், முன்கூட்டியே நல்ல நாள் நல்ல வேளையில் பெட்டியை மட்டும் வீட்டை விட்டுக் கிளப்பி, போகிற திசையில் இன்னொருவர் இடத்தில் வைத்துவிடுவது. பெட்டி கிளம்பினால் ஆளே கிளம்பிய மாதிரி. அப்புறம் எந்த நாள் வேண்டுமானாலும் அதை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம். ஒன்று மட்டும், போன பெட்டி பயணம் போகாமல் வீடு திரும்பக் கூடாது.

"உங்க குடையை வேணா கொண்டு வெச்சுடுங்கோ. எனக்குப் பெட்டி இன்னும் அடுக்கி முடியலை" என்று சொல்லிப் பார்த்தாள் ஸ்ரீலக்ஷ்மி.

"என் குடை போனா நான் போனதா ஆகும். யார் போறாளோ அவா சாமான்தான் போகணும்" என்றார் ஜெயராம், பாங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று காசோலையைத் திருப்பித் தருகிற அதே குரலில்.

ஆக புதன்கிழமை காலை, ஆபீசுக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, அவள் பெட்டியை மூடி உட்கார்ந்து அழுத்தி ஜிப் போட்டாள். ஜெயராம் போனில் திசைகாட்டி பார்த்துக்கொண்டே முன்னால் நடக்க, அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு பின்னால் போனாள். தெருவின் தெற்கு முனையில் பாஞ்சாலியின் இஸ்திரிக் கடை இருக்கிறது. கோட்டூர்புரம் ஆற்றோரத்தில் குடியிருந்தவள் பாஞ்சாலி. குடிசையை எடுத்துப் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்துவிட்டார்கள். வீடு அங்கே போனாலும் பிழைப்பு இங்கேதான் என்பதால் விடியற்காலை பஸ் ஏறி வந்துவிடுவாள்.

"இன்னா சாரு, ஊருக்கு நாளைக்கு, பொட்டி மட்டும் இன்னிக்கே பூடுதா?" என்று சிரித்தாள் பாஞ்சாலி.

"தெற்கே சூலம்மா."

"நான் தெனம் தெக்கதான் பூறேன், பெரும்பாக்கத்துக்கு. பஸ் கூட்டத்துல எந்த சூலமும் ஏற முடியாது. வையி சாரு, மேஜைக்கு அடில தள்ளு."

பெட்டி மேஜைக்கு அடியில் போயிற்று. ஜெயராமுக்குப் பரம திருப்தி.

பட்டறையில் அன்று பதினொரு மணிக்கு நிஷா கூப்பிட்டாள். மகனுக்கு அமெரிக்காவிலிருந்து திடீரென்று விடுப்புக் கிடைத்திருக்கிறது, வெள்ளிக்கிழமை வந்து இறங்குகிறான். "நான் எப்படிடி வர முடியும்? காரும் அவனுக்கு வேணும். நீங்க ரெண்டு பேரும் டாக்சி வெச்சுண்டு போயிடுங்கோ, என் பங்கைக் கொடுத்துடறேன்." கொடுத்துவிடுகிறேன் என்பது பேச்சுக்கு. ஸ்ரீலக்ஷ்மி பட்டியலைத் திறந்து மூன்றை இரண்டாக்கினாள். டாக்சி கட்டுப்படியாகவில்லை, ரயில் பார்த்தாள், புதுச்சேரிக்கு பஸ் போட்டாள். ஹம்சாவுக்கு அனுப்பினாள்.

ஹம்சாவிடமிருந்து மத்தியானம் பதில் வந்தது. எழுதவில்லை, பேசியே அனுப்பியிருந்தாள். "பஸ்ஸா? ஸ்ரீ, என் முட்டி பத்தித் தெரிஞ்சும் இப்படிக் கேக்கறியே. நிஷா கார்னு சொன்னதாலதான் நான் சரின்னேன். நீ போயிட்டு வா. நிறைய வீடியோ எடுத்து அனுப்பு, என்ன?"

பட்டியலில் இப்போது ஒன்று என்று போட வேண்டும். ஸ்ரீலக்ஷ்மி அந்தக் கட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ குடும்பத்துக்குக் கணக்குப் போட்டிருக்கிறாள், ஒரு ஆளுக்குப் போட்டதே இல்லை. ஒருத்தி ஒரு வேளைக்கு எவ்வளவு சாப்பிடுவாள், எந்த மாதிரி அறையில் தங்குவாள், அவளுக்கு லிப்ட் வேண்டுமா, ஏசி வேண்டுமா என்று யோசித்தாள். அந்த ஒருத்தி தானே என்றாலும் ஒன்றும் பிடிபடவில்லை. அழுகை வந்தது. பட்டறையில் யாரும் பார்க்காமல் இருமலாக்கிச் சமாளித்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் ஜெயராம் உண்மையாகவே வருத்தப்பட்டார். "அடப்பாவமே. இத்தனை சிரமப்பட்டு எல்லாம் பண்ணினே" என்றார். சற்று யோசித்தார். அப்புறம் முகம் மலர்ந்தது. "இதுக்கு ஏன் கவலைப்படறே? நான் வரேன்!"

 மேலே சொல்லிக்கொண்டே போனார். "எனக்கும் எங்கேயும் போய் நாளாச்சு. பாண்டிச்சேரிலேர்ந்து சிதம்பரம் பக்கம்தானே, ஒரு எட்டு பாத்துடலாம். அப்படியே வைத்தீஸ்வரன் கோயில். திருச்சின்னா ஸ்ரீரங்கம். மதுரையைக் கேக்கவே வேண்டாம். சாயங்காலம் ஒரு மணி நேரம் உன் பாட்டு. ஓட்டல் சாப்பாடு எனக்கு ஒத்துக்காது, அந்தச் சின்ன குக்கரை எடுத்துண்டாப் போறது. அறையிலேயே ஒரு ரசம் சாதம்."

அநியாயம் என்னவென்றால், அவர் சொல்லச் சொல்ல ஸ்ரீலக்ஷ்மியின் மூளை தானாகவே வேலையை ஆரம்பித்துவிட்டது. குக்கருக்கு ஏற்ற பிளக் உள்ள அறையாகப் பார்க்க வேண்டும். ரசப்பொடி தனியாகக் கட்ட வேண்டும். பிளாஸ்க், சர்க்கரை மாத்திரை, அவருடைய தலையணை. கை போனை எடுத்தே விட்டது. ஒன்று என்பதை இரண்டு ஆக்க ஒரே ஒரு தட்டுதான் வேண்டும். தட்டியிருந்தால் அவள் கதை பழைய கதையாகவே முடிந்திருக்கும்.

"உங்க பெட்டி போகலியே" என்றாள்.

"என்னது?"

"என் பெட்டி மட்டும்தானே பரஸ்தானம் போயிருக்கு? நாளைக்கு வியாழக்கிழமை. தெற்கே சூலம். நீங்க எப்படி வருவேள்?"

 ஜெயராம் எழுந்து போய்க் காலண்டரைப் பார்த்தார். அன்றைய நல்ல நேரம் காலையோடு முடிந்திருந்தது. "ஒரே ஆத்து மனுஷாதானே. ஒரு பெட்டி போனா போறாதா?" என்று இழுத்தார்.

"யார் போறாளோ அவா சாமான்தான் போகணும்னு நீங்கதான் சொன்னேள்."

"அப்போ வெள்ளிக்கிழமை கிளம்பலாம். பாண்டிச்சேரி ஒண்ணுதானே விட்டுப்போகும்?"

சூலத்திலும் பரஸ்தானத்திலும் அவளுக்கு என்றைக்கும் நம்பிக்கை இருந்ததில்லை. அவரைத் தடுக்க அதை எடுத்தது அவளுக்கே கூச்சமாக இருந்தது. அதனால் அதைக் கீழே வைத்துவிட்டு நேராகச் சொன்னாள். "நீங்க வர வேண்டாம். நான் தனியாப் போகணும்."

"நான் வந்தா என்ன?"

"நீங்க வந்தா நான் சமைக்கணும்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு நாளாக உள்ளே இருந்தது என்று அவளுக்கே தெரிந்தது. ஜெயராமுக்கு முகம் சுண்டிப்போயிற்று. சண்டை போடுகிறவராக இருந்தால் தேவலை, அவர் எழுந்து போய்ப் பால்கனியில் நின்றுகொண்டார். அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஐந்து ஊர் வேண்டாம், ஓர் ஊர் போதும் என்று தானே வெட்டினாள். "பாண்டிச்சேரி மட்டும் போறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆத்துல இருப்பேன்" என்று பால்கனிப் பக்கமாகச் சொன்னாள்.

"சரி" என்றார் அவர், திரும்பாமலே.

பெட்டியில் ஆறு நாளைக்கான துணியும் மூன்று பேருக்கான சாப்பாடும் இருந்தன. ஒரு ராத்திரிக்குப் போகிறவளுக்கு அது எதற்கு? வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கி வைக்கவும் வழியில்லை. வியாழக்கிழமை விடிந்ததும் இஸ்திரிக் கடைக்குப் போய், மேஜைக்கு அடியிலிருந்து அதை இழுத்தாள். பாஞ்சாலி அப்போதுதான் கரியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, ஒண்டியாவா போறே? கார்ல போறோம்னு சொல்லிக்கினு இருந்த?"

"யாரும் வரலை பாஞ்சாலி."

"பொட்டி இன்னா இந்த கனம் கனக்குது?"

"புளிக்காச்சல். மூணு பேருக்கு." ஸ்ரீலக்ஷ்மி அங்கேயே பெட்டியைத் திறந்து பாட்டில்களை எடுத்து வெளுத்த துணி மூட்டை மேல் வைத்தாள். பருப்புப்பொடியும் தட்டையும் கூட. "நீ எடுத்துண்டு போ. எனக்கு வேண்டாம்."

பாஞ்சாலி வேண்டாம் என்று உபசாரத்துக்குக்கூடச் சொல்லவில்லை. "நல்லதாப் போச்சு, ஒரு வாரம் நான் கொழம்பு வெக்க வேணாம்" என்றாள். முகத்தில் அத்தனை நிம்மதி. ஸ்ரீலக்ஷ்மிக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது.

திருவான்மியூரில் பஸ் ஏறினாள். ஜன்னல் ஓரம் கிடைத்தது. கடல் தெரியும், பழைய பாட்டையெல்லாம் கேட்டுக்கொண்டே போகலாம் என்று நினைத்திருந்தாள். கோவளம்கூடத் தாண்டவில்லை, வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனாள். புதுச்சேரியில் கண்டக்டர் தட்டி எழுப்பினார். அறைக்குப் போய்க் குளித்து, அங்கும் தூங்கினாள். மத்தியானம் ஒரு ஓட்டலில் தனியாக உட்கார்ந்து, யாருக்கும் பரிமாறாமல், சூடாகச் சாப்பிட்டாள். கை மட்டும் அடிக்கடி பக்கத்து இலை காலியாகிவிட்டதா என்று பார்க்க நீண்டது.

கச்சேரி ஒரு கல்லூரித் திறந்தவெளி அரங்கில். முன்னூறு பேர் இருந்தால் அதிகம், பாதிப் பேருக்குத் தலை நரை. நதீம் மேடைக்கு வந்தபோது கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தாள், பழக்கம் விட்டுப்போயிருந்தது, சத்தம் வரவில்லை. அவனும் மாறியிருந்தான். தொப்பை, கண்ணாடி. இரண்டு பாட்டு நின்று பாடினான். மூன்றாவதற்கு, "மன்னிக்கணும், இடுப்பு ஒத்துழைக்கலை" என்று நாற்காலி கேட்டு உட்கார்ந்துகொண்டான். அதைப் பார்த்ததும் முன்வரிசையில் வீம்புக்கு நின்றுகொண்டிருந்த அத்தனை பேரும் அப்பாடா என்று உட்கார்ந்தார்கள். ஸ்ரீலக்ஷ்மியும் உட்கார்ந்தாள். குரல் முன்பு போல் உச்சிக்குப் போகவில்லை. போகாத இடத்தில் அவன் நிறுத்திக்கொண்டான், கூட்டம் எடுத்துக்கொண்டது. அவளும் பாடினாள்.

இடைவேளையில் ஜெயராம் கூப்பிட்டார். குரல் எதிர்பார்த்ததற்கு மேல் தெளிவாக இருந்தது.

"சாப்பிட்டேளா?" என்று கேட்டாள்.

"பேஷா. நீ பண்ணி வெச்சதை எடுக்கவே இல்லை, நம்ம தெருமுனை மெஸ்ஸுக்குப் போனேன். ரசம் நன்னா இருந்தது. சாயங்காலம் காப்பியும் நானே போட்டுண்டேன், யூடியூப்ல பாத்து. துணியை மிஷின்ல போட்டேன், எந்தப் பொத்தான்னு அதுலயே எழுதியிருக்கே." பெருமையை மறைக்கத் தெரியாமல் சொன்னார். "ஒண்ணும் கஷ்டமே இல்லை ஸ்ரீ. நீ ஆத்தைப் பத்திக் கவலையே படாதே."

சந்தோஷப்பட வேண்டிய பேச்சுதான். ஸ்ரீலக்ஷ்மிக்கோ ஆத்திரம் வந்தது. ஒன்றும் கஷ்டமே இல்லையாம். ஒரே நாளில் தெரிந்துவிட்டதாம். தான் இல்லாவிட்டால் அந்த வீடு நின்றுபோகும் என்று நம்பித்தானே காய்ச்சலிலும் எழுந்தாள்? மகள் பிரசவத்துக்குப் போன இடத்திலிருந்து பத்தே நாளில் அடித்துப்பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்? இருபத்தாறு வருஷமாக இடுப்பொடியச் செய்ததை இவர் மெஸ்ஸும் பொத்தானுமாக முடித்துவிட்டார். அப்படியானால் இத்தனை வருஷம் யாருக்காகச் செய்தாள்? கேட்டுவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது.  அதற்குள் ஆத்திரம் வந்த மாதிரியே வடிந்து, பழைய அலுப்பு மட்டும் மிஞ்சியது.

"லைன்ல இருக்கியா?" என்றார் ஜெயராம். "நாளைக்கு எத்தனை மணிக்கு வரே?"

"நாளைக்கு வரலை."

"ஏன்?"

"நாளைக்குத் திருச்சி. அப்புறம் மதுரை, கோயம்புத்தூர். சேலம் வரைக்கும் போயிட்டு வரேன். டிக்கெட்தான் எல்லாத்துக்கும் வாங்கியிருக்கே."

 மெஸ் ஆறு நாளுக்கும் அதே மாதிரி ருசிக்குமா என்று யோசித்தாரோ என்னவோ. கடைசியில், "தனியாவா?" என்று கேட்டார்.

"தனியாத்தான்."

மேடையில் கிடாரைச் சுருதி சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். "மிஷின்ல போட்ட துணியை இப்பவே எடுத்து உலத்திடுங்கோ, இல்லேன்னா நாத்தம் அடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்துப் பையில் போட்டாள்.